கடுகளவு உறுப்புகளும் வீட்டு மேசையும்

பழைய வானொலிப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அதன் உட்புறம் ஒரு சிற்றூர் போலத் தோன்றியிருக்கும். கண்ணாடி வால்வுகள் செந்நிறமாய் ஒளிவிட்டு நிற்கும். விரலளவு தடையிகளும் கட்டைவிரற் பருமனான கொள்ளளவிகளும் கம்பிகளில் தொங்கும். பழுதுற்ற உறுப்பைக் கண்ணாற் கண்டு, கையாற் பற்றி, வெட்டி எடுத்துவிட்டு, வேறொன்றை அவ்விடத்திற் பொருத்திவிடலாம். இன்று எந்த இலத்திரனியற் கருவியைத் திறந்தாலும் அந்தச் சிற்றூரைக் காண்பதற்கில்லை. பச்சைநிறப் பலகையொன்றின்மேற் கடுகையும் எள்ளையும் தூவினாற் போன்ற காட்சியே தென்படுகின்றது. உறுப்புகளுக்குக் கம்பிக் கால்கள் இல்லை. பலகையிற் கால் நுழையும் துளைகளும் இல்லை. "இது யந்திரத்தின் வேலையல்லவா? மனிதக் கை இதற்குள் எப்படிப் புகும்?" என்று கூறிப் பலரும் பெட்டியை மூடிவிடுகின்றனர். நானும் நெடுநாள் அவ்வாறு மூடியவனே. மூடிய பெட்டியை மீண்டும் திறக்க நேர்ந்தது ஒரு சிறிய வண்டியின் பொருட்டு. அந்த வண்டியின் வரலாற்றோடு சேர்த்தே இந்தக் கைவேலையைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

வண்டி என் மருமகனுடையது. பதினான்கு வயதுப் பையன். பாடசாலைக் கண்காட்சிக்கென இரண்டு மோட்டர்கள் பூட்டிய ஒரு வண்டி செய்து, அது தானே ஒரு சரிவிலேறி இறங்க வேண்டும் என்று திட்டமிட்டிருந்தான். மோட்டருக்குக் கட்டளையிடும் சிறு கணிப்பொறியின் ஒரு முனையிலிருந்து ஏறக்குறைய 20 மில்லி அம்பியர் மின்னோட்டத்தையே அச்சமின்றிப் பெறலாம். மோட்டரோ சுமையுடன் புறப்படும்போது ஓர் அம்பியரும் அதற்கு மேலும் கேட்கும். ஆகவே கட்டளையிடுவோனுக்கும் உழைப்போனுக்கும் நடுவே ஓர் இடையாள் வேண்டும். நான்கு ஆளிகளை ஆங்கில எழுத்தாகிய எச் வடிவில் அமைத்து, அதன் குறுக்குக்கோட்டில் மோட்டரை வைத்தால், எந்த இரண்டு ஆளிகளை மூடுகின்றோம் என்பதைப் பொறுத்து மோட்டர் முன்னாகவோ பின்னாகவோ சுழலும். இந்நான்கு ஆளிகளையும் ஒரே சிப்பினுள் அடக்கியிருப்பதே மோட்டர் செலுத்தி எனப்படும் உறுப்பு.

பையன் முதலில் வாங்கி வந்தது எல். 298 என்னும் பழைய செலுத்தி. பெரிய உறுப்பு, கால்கள் துளையில் நுழைபவை, எவரும் எளிதிற் பொருத்தலாம். ஆனால் அதனுள் இருப்பவை பழைய வகைத் திரான்சிற்றர்கள். ஓர் அம்பியர் செல்லும்போது ஏறக்குறைய இரண்டு வோல்ற்றோ அதற்கு மேலோ அதனுள்ளேயே தங்கிவிடும். நம்மிடமிருந்ததோ ஆறு மின்கலங்கள் தரும் 7.2 வோல்ற்று. அதில் இரண்டை இடையாளே விழுங்கினால் வண்டி சரிவேறுவது எங்ஙனம்? இதற்கு மாற்றாகக் கிடைப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டீ.ஆர்.வீ. 8833. இரண்டு மோட்டர்களுக்குமான ஆளிகள் அதனுள் இருக்கின்றன. ஒரு மோட்டரின் பாதையிலுள்ள தடை 0.36 ஓம் அளவே. ஓர் அம்பியருக்கு மூன்றிலொரு வோல்ற்றுக்குச் சற்றே அதிகமாக இழக்கின்றோம், அவ்வளவுதான். ஆனால் இதன் நீளம் 5 மில்லிமீற்றர், பதினாறு கால்கள், ஒரு காலின் நடுவிலிருந்து அடுத்த காலின் நடுவுக்கு 0.65 மில்லிமீற்றர். துளைக்கால் வடிவில் இது செய்யப்படுவதேயில்லை. சிறுமை என்பது இங்கே வெறும் நாகரிகம் அன்று என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். நல்ல உறுப்பு வேண்டுமாயின் சிறிய உறுப்பைத் தொடத்தான் வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது.

உறுப்புகளைப் பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டும் இம்முறை நேற்று வந்ததன்று. 1960களில் ஐ.பீ.எம். நிறுவனம் இதனை உருவாக்கியது. மனிதரைச் சந்திரனுக்கு ஏற்றிச் சென்ற சற்றேண் 5 ஏவுகலத்தை வழிநடத்திய கணிப்பொறியில் இம்முறை கையாளப்பட்டது. வீட்டுக் கருவிகளுக்குள் இது பரவலாக நுழைந்தது 1980களிலேயே.

இனி, ஒட்டுவது என்றால் என்ன என்று பார்ப்போம். பற்றாசு என்ற சொல் நமக்குப் புதியதன்று. பொற்கொல்லர் இரண்டு பொற்றுண்டுகளை இணைக்கும்போது இடையே வைத்து உருக்கும் பொடியே பற்றாசு. யாப்பிலக்கணம் கற்றவர்கள் ஆசிடை நேரிசை வெண்பாவை அறிவார்கள். முதற்குறளும் தனிச்சொல்லும் தாமாகப் பொருந்தாதபோது, இடையில் ஓரசையோ ஈரசையோ இட்டு இணைப்பதற்கு ஆசு என்று பெயர் வைத்தவர்கள், பொற்கொல்லரின் உலைக்களத்தைப் பார்த்துத்தான் வைத்தார்கள். இலத்திரனியலில் நாம் கையாளும் பற்றாசு வெள்ளீயமும் ஈயமும் கலந்தது. அல்லது ஈயமின்றி, வெள்ளீயத்துடன் சிறிதளவு வெள்ளியும் செம்பும் கலந்தது. நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் சேர்ந்த கலவை 183 பாகை செல்சியசில் உருகும். இதற்கு ஒரு சிறப்பு உண்டு. களிபோற் குழையும் இடைநிலை இதற்கில்லை. திண்மமாயிருந்தது அந்த ஒரே வெப்பநிலையில் நீராய் ஓடும், அதே வெப்பநிலையில் உறையும். ஈயமற்ற கலவை 217 பாகைக்கு மேலேதான் உருகும். ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு யூலை முதல் விற்பனைக் கருவிகளில் ஈயத்தைப் பெரிதும் தடுத்துவிட்டது. தனியே வேலை செய்யும் முதிர்ந்தவர்க்கு ஈயக் கலவையே கைக்கு இணங்கி வரும் என்பது என் எண்ணம். ஆனால் சிறுவர் கைபடும் மேசையில் ஈயமற்றதையே நான் வைப்பேன். மருமகனோடு வேலை செய்தபோதும் அதையே வைத்தேன்.

உருகிய பற்றாசு செம்பின்மீது வெறுமனே ஒட்டிக்கொள்வதில்லை. வெள்ளீயமும் செம்பும் தொடும் எல்லையில் இரண்டும் கூடி மிக மெல்லியதொரு சேர்வைப் படையை உண்டாக்குகின்றன. அந்தப் படையே உண்மையான இணைப்பு. இதற்குப் பகையாக நிற்பது செம்பின்மேற் படிந்திருக்கும் ஒட்சைட்டு. ஒட்சைட்டு மூடிய செம்பின்மேற் பற்றாசு, சேம்பிலையில் விழுந்த நீர்த்துளி போல உருண்டு நிற்கும். தூய செம்பின்மேலோ தாளில் விழுந்த எண்ணெய் போலப் பரவும். ஒட்சைட்டைக் கரைத்து நீக்குவதற்காகப் பொற்கொல்லர் வெண்காரம் இடுகின்றார். நாம் பைன் மரப் பிசினிலிருந்து செய்த இளக்கியை இடுகின்றோம். கடைகளில் இதனைப் பிளக்ஸ் என்று கேட்டால் தருவார்கள். பற்றாசுக் கம்பியின் உள்ளேயே சிறிது இளக்கி உண்டு. துளைக்கால் உறுப்புகளுக்கு அது போதும். இச்சிறு வேலைக்குப் போதாது. தனியே கூழ்வடிவில் விற்கப்படும் இளக்கியைத் தாராளமாகப் பூச வேண்டும். என்னிடம் யாராவது வந்து, "கை நடுங்குகின்றது, கண் தெரியவில்லை, இந்த வேலை எனக்கு வராது" என்று சொன்னால், அவருடைய கையையும் கண்ணையும் பார்க்குமுன் அவர் இளக்கி வைத்திருக்கிறாரா என்றுதான் கேட்பேன். பத்தில் எட்டுக் குற்றங்கள் அங்கேதான் இருக்கும்.

கருவிகளைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் பற்றாசுக் கோல் ஒன்று. ஈயக் கலவைக்கு 320 முதல் 350 பாகை, ஈயமற்றதற்குச் சற்று மேலே. இதன் நுனியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. உறுப்பு சிறியதாயிற்றே என்று ஊசிபோன்ற நுனியைத் தேடுகின்றார்கள். ஊசிமுனை வெப்பத்தைக் கடத்தாது; தொட்டுக்கொண்டே நிற்க நேரும்; நிற்க நிற்கப் பலகைதான் கருகும். 2 மில்லிமீற்றர் அகலமுள்ள உளிமுனையே நன்று. கூரிய சாமணம் ஒன்று. பிழையாக வழிந்த பற்றாசை உறிஞ்சி எடுக்கச் செப்புப் பின்னல் நாடா. மணிக்கூடு திருத்துவோர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் வில்லையோ, நெற்றியில் அணியும் உருப்பெருக்கியோ ஒன்று. ஓரம் உயர்ந்த வெள்ளைத் தட்டு ஒன்று. வேலை தொடங்குமுன் மின்விசிறியை நிறுத்துக. தும்மல் வந்தால் முகத்தைத் திருப்புக. நிலத்தில் விழுந்த தடையியைத் தேடுவதற்கு விளக்கை மேலே பிடித்துப் பயனில்லை. ரோர்ச் விளக்கைத் தரையோடு தரையாகக் கிடத்தி ஒளியைப் பாய்ச்சினால், கடுகளவு பொருளும் நீண்ட நிழல் விழுத்தித் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

உறுப்புகளின் அளவை நான்கு இலக்கங்களாற் குறிப்பர். 1206 என்பது 3.2 மில்லிமீற்றர் நீளமும் 1.6 மில்லிமீற்றர் அகலமும் உடையது. ஏறக்குறைய ஓர் எள்ளு. 0603 என்பது அதன் நீளத்திலும் அகலத்திலும் பாதி. புதியவர்கள் 1206இல் தொடங்கி 0805க்கு இறங்குவது நன்று. தடையியின் முதுகில் அதன் பெறுமானம் எழுதப்பட்டிருக்கும். மட்பாண்ட வகைக் கொள்ளளவிகளிலோ எழுத்து ஒன்றுமே இராது. அவற்றை நாடாவிலிருந்து ஒவ்வொன்றாகவே பிரித்தெடுக்க வேண்டும். இரண்டு வகையைத் தட்டிற் கலந்துவிட்டால் பிறகு பிரிப்பது, உப்பையும் சர்க்கரையையும் கண்ணாற் பிரிப்பது போன்றதுதான்.

இரண்டு முனையுள்ள உறுப்பைப் பொருத்தும் முறை இது. பலகையில் அதற்கென விடப்பட்ட இரண்டு செப்புத் திட்டுகளுள் ஒன்றில் மட்டும் சிறிது பற்றாசை உருக்கி வைக்க வேண்டும். பின்னர் இடக்கையிற் சாமணத்தால் உறுப்பைப் பற்றி, வலக்கையிற் கோலால் அந்தப் பற்றாசை மீண்டும் உருக்கி, உருகியிருக்கும்போதே உறுப்பைப் பக்கவாட்டில் நகர்த்தி உள்ளே சேர்க்க வேண்டும். கோலை எடுத்தபின்னும் சாமணத்தை விடாமல் இரண்டு எண்ணும்வரை பொறுக்க. பின்பு மறுமுனைக்குப் பற்றாசு இடுக. இறுதியாக முதல் முனைக்குத் திரும்பி, இளக்கி தொட்டு, மறுபடி ஒருமுறை உருக்குக. முதலிற் செய்த இணைப்பு பெரும்பாலும் முரடாகவே இருக்கும். இரண்டு மணிக்கட்டுகளும் மேசைமீது ஊன்றியிருந்தால் நடுக்கம் தானே அடங்கும். மட்பாண்டக் கொள்ளளவிகளின் உடம்பிற் கோலை வைக்கலாகாது. திடீர் வெப்பத்தில் அவற்றுட் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உண்டாகும். அது பின்னொரு நாளில், நாம் முற்றும் மறந்த வேளையில், தன் வேலையைக் காட்டும்.

பதினாறு கால் சிப்புக்கு முறை வேறு. முதற்கால் எது என்பதை அதன் மூலையிலுள்ள புள்ளியாற் கண்டு, பலகையிலுள்ள குறியோடு பொருத்துக. எதிரெதிர் மூலைகளிலுள்ள இரண்டு கால்களை மட்டும் ஒட்டிவிட்டு, உருப்பெருக்கியால் நான்கு பக்கமும் பார்க்க. பிழையிருந்தால் இந்நிலையில் திருத்துவது எளிது. பதினாறையும் ஒட்டியபின் திருத்துவது பெரும்பாடு. சரியாயிருந்தால் கால்வரிசை முழுவதும் இளக்கியைப் பூசி, கோல்நுனியிற் சிறு துளி பற்றாசை ஏந்தி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக இழுத்துச் செல்க. பரப்பிழுவிசை காரணமாகப் பற்றாசு செம்பையே நாடும். கால்களுக்கு இடையிலுள்ள பச்சைப் பூச்சை விட்டு விலகும். முதன்முறை இதனைக் காண்பவர்க்கு வியப்பாகவே இருக்கும். எங்கேனும் இரண்டு கால்கள் இணைந்து பாலமாகிவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. மேலும் இளக்கி இட்டு, செப்பு நாடாவை மேலே வைத்து, அதன்மேற் கோலை வைத்தால் மிகையான பற்றாசு நாடாவில் ஏறிவிடும்.

எங்கள் பலகை இவ்வாறு ஒரு மாலையில் முடிந்தது. உருப்பெருக்கியிற் பார்த்தால் பதினாறு கால்களும் முத்துக் கோத்தாற் போல இருந்தன. சற்றுப் பெருமையும் அடைந்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சமதரையில் வண்டி நன்றாக ஓடியது. சரிவில் ஏற்றினோம்; பாதி ஏறியது, நின்றது. சில நொடிகள் கழித்துத் தானே புறப்பட்டது, மறுபடி நின்றது. கண்காட்சிக்கு மூன்று நாட்களே இருந்தன. நான் மின்கலங்களைச் சந்தேகித்தேன், மாற்றினேன். மோட்டரைச் சந்தேகித்தேன், கழற்றிப் பூட்டினேன். கட்டளை நிரலைப் பையன் இருமுறை திருத்தினான். இரண்டு மாலைகள் இவ்வாறு போயின. இரண்டாம் நாள் இரவு, நின்றுபோன வண்டியைப் பார்த்தபடி அவன் சொன்னான்: "அது களைச்சுப் போச்சு, மாமா. கொஞ்சம் இளைப்பாறிப்போட்டுத்தான் வெளிக்கிடுது."

அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது. களைத்து இளைப்பாறும் வழக்கம் மோட்டருக்கும் இல்லை, மின்கலத்துக்கும் இல்லை. அந்தச் சிப்புக்கு உண்டு. அதன் உள்வெப்பம் ஏறக்குறைய 160 பாகையை எட்டினால் அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். ஆறியதும் மீண்டும் தொடங்கும். விரலை வைத்துப் பார்த்தேன். வைத்த விரலை உடனே எடுத்தேன். கணக்கும் பொருந்தியது. சரிவில் ஒவ்வொரு மோட்டரும் ஒன்றரை அம்பியர் இழுத்தால், மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்க, ஒரு மோட்டருக்கு 0.81 வாற்று, இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை வாற்றுக்கு மேல். சுண்டுவிரல் நகத்திலும் சிறிய உடம்பு அந்த வெப்பத்தை எங்கே கொட்டும்? கொட்டுவதற்கென்றே அதன் வயிற்றுப்புறத்தில் ஓர் உலோகத் திட்டு அமைந்திருக்கின்றது. அதனைப் பலகையின் செம்பரப்போடு பற்றாசிட்டு இணைத்தால் பலகை முழுவதுமே அதற்கு விசிறியாகும். நானோ கோல் எட்டும் பதினாறு கால்களை மட்டும் அழகாக ஒட்டிவிட்டு, கோல் எட்டாத வயிற்றை மறந்திருந்தேன். இத்தனைக்கும் அந்தச் சிப்பில், "எனக்கு இடர் நேர்ந்துவிட்டது" என்று அறிவிப்பதற்கென்றே ஒரு கால் உண்டு. அதனை எங்கும் இணைக்காமல் விட்டவனும் நானே.

கோல் எட்டாத இடத்திற்கு வெப்பத்தைக் கீழிருந்தே அனுப்ப வேண்டும். பலகை செய்யும்போதே வயிற்றுத் திட்டின் நடுவில் செம்பு பூசிய துளையொன்று விட்டிருந்தால், பின்புறமாகக் கோல்நுனியையும் பற்றாசையும் உள்ளே செலுத்தலாம். எங்கள் பலகையில் அது இல்லை. ஆகையாற் பழைய மின்னடுப்பின்மேல் தடித்த அலுமினியத் தகடு ஒன்றை வைத்தோம். அந்த அடுப்பு அன்றோடு சமையலறையை விட்டு நீங்கியது. இவ்வேலைக்குப் பயன்பட்ட அடுப்பும் தகடும் மீண்டும் உணவைத் தொடலாகாது. மோட்டர்க் கம்பிகளையும் உருளை வடிவக் கொள்ளளவியையும் முதலிற் கழற்றினோம். பலகையைத் தகட்டில் வைத்து மெல்லச் சூடேற்றிச் சிப்பை எடுத்து, ஆறியபின் வயிற்றுத் திட்டில் பற்றாசுப் பசையை நான்கு சிறு புள்ளிகளாக வைத்தோம். இது மிக நுண்ணிய பற்றாசு மணிகளை இளக்கியிற் குழைத்த பசை. அளவுக்கு மிஞ்சினால் சிப்பு அதன்மேல் மிதந்து கால்கள் திட்டைத் தொடாமற் போய்விடும். சிப்பைத் திரும்ப வைத்து, முதலில் 150 பாகைவரை கொண்டுசென்று அங்கே ஒரு நிமிடத்திற்கு மேல் நிறுத்தி, பின் 240 வரை ஏற்றினோம். சாம்பல் நிறப் பசை திடீரென வெள்ளிபோல் மின்னியது. சிப்பு சற்றே தாழ்ந்து அமர்ந்தது. சாமணத்தால் மிக இலேசாகத் தட்டினால், உருகிய பற்றாசின் இழுப்பினால் அது தன் இடத்திற்கே திரும்பும். திரும்பினால் வயிறும் கால்களும் பற்றிவிட்டன என்று கொள்ளலாம். அரை நிமிடத்துள் அடுப்பை அணைத்துவிட்டு, பற்றாசு உறையும்வரை மேசையைக்கூடத் தொடாமல் இருந்தோம்.

உடல்நலத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கோலிலிருந்து எழும் புகை ஈயப் புகை என்று பலர் அஞ்சுகின்றனர். இந்த வெப்பநிலையில் ஈயம் ஆவியாவது புறக்கணிக்கத்தக்க அளவே. புகை பிசினுடையது. அதுவும் தீங்கற்றதன்று, தொடர்ந்து மூச்சிழுப்போர்க்கு ஈளையை உண்டாக்கும். ஆகவே சன்னலைத் திறந்துவைத்து, புகையை முகத்திலிருந்து அப்பால் இழுக்கும்படி ஒரு சிறு விசிறியை அமைத்துக்கொள்க. ஈயம் உடலிற் புகுவது கைவழியாக. பற்றாசுக் கம்பியைப் பல்லிற் கடித்துப் பிடிக்கும் பழக்கம் சில பழைய திருத்துநரிடம் இருந்தது. அது கூடவே கூடாது. அந்த மேசையில் தேநீரும் வேண்டாம், சிற்றுண்டியும் வேண்டாம். எழுந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுக. மிஞ்சிய இளக்கியைத் துடைக்கும் மதுசாரம் எளிதிற் பற்றியெரியும். கோல் முற்றாக ஆறியபின்பே அதன் மூடியைத் திறக்க வேண்டும்.

மின்னேற்றுமுன் செய்யவேண்டிய சோதனைகள் சில. மல்ரிமீற்றரால் நேர்முனைக்கும் தரைமுனைக்கும் இடையே குறுக்கிணைப்பு இல்லை என்று காண்க. பின்னர் மின்கலத்தை நேரே இணைக்காமல், இடையில் 12 வோல்ற்று, 5 வாற்று மோட்டர்க்கார் விளக்கொன்றைத் தொடராக வைக்க. பலகையில் எங்கேனும் குறுக்கிணைப்பு இருந்தால் விளக்கு ஒளிரும். மின்னோட்டத்தையும் அதுவே மட்டுப்படுத்திச் சிப்பைக் காக்கும். ஒளிராவிட்டால் விளக்கை நீக்கி மோட்டரை இணைக்கலாம். இணைக்கும்போது மின்கலம் துண்டிக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஓடும் மோட்டரின் கம்பியைப் பிடுங்கினால், அதன் சுருளில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் போக்கிடமின்றி உயர்ந்த வோல்ற்றளவாகப் பாய்ந்து செலுத்தியைக் கெடுத்துவிடக்கூடும். மின்கலக் கம்பிகள் நீளமாயின், பலகையின் வாயிலிலேயே 47 மைக்கிரோ பரட்டுக்குக் குறையாத உருளைக் கொள்ளளவி ஒன்று நிற்க வேண்டும். மோட்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 0.1 மைக்கிரோ பரட் மட்பாண்டக் கொள்ளளவி ஒன்றையும் ஒட்டிவிடுக. இல்லையேல் அதன் தூரிகைகளில் எழும் தீப்பொறிகள் பக்கத்து வீட்டு வானொலியில் இரையும். அந்த இரைச்சலோடு இப்பேச்சைக் கேட்க வேண்டியவர்கள் நம்மை வாழ்த்த மாட்டார்கள்.

கண்காட்சிக்கு முதல்நாள் இரவு விளக்கு ஒளிராமல் இருந்தது. மோட்டர்களைப் பூட்டி, மேசைப் பலகையொன்றைப் புத்தகங்களின்மேற் சாய்த்து, வண்டியை ஏற்றினோம். ஏறியது, இறங்கியது, மீண்டும் ஏறியது. பன்னிரண்டாம் முறை ஏறியபின் பையன் விரலை நீட்டிச் சிப்பின்மேல் வைத்தான். சுடுகின்றது என்றான், ஆனால் விரலை எடுக்கவில்லை.